தொண்ணூறு நிமிடம், ஒரே ஒரு ஆண்டு

பழைய ராக் பாட்டுகளைக் கோத்து ஒரு கேசட் போடுவதைப் பற்றிச் சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள்! இந்த இதழ் முழுக்க அவற்றுக்கே.

அப்பாவுக்கு 70 வயது நிறைகிறது. எழுபதுகளின் ராக் பாட்டுகளைத் தொகுத்துப் பரிசாகத் தர ஆசை. இதுவரை 300 பாட்டு சேர்ந்துவிட்டது. எங்கே நிறுத்துவது?
— ஓசூர் வாசகர்

300 பாட்டு என்றால் அது பரிசு இல்லை, வீட்டுப்பாடம். 90 நிமிடத்தில் நிறுத்துங்கள், பக்கத்துக்கு 45.

அதைவிட முக்கியமான ஒன்று. எழுபதுகள் என்று பத்து வருஷத்தையும் அள்ளாதீர்கள். ஒரே ஒரு ஆண்டை எடுங்கள். பிளாக் சாபத்தின் முதல் ஆல்பம் 1970, ரமோன்ஸின் முதல் ஆல்பம் 1976. நடுவில் ஆறே வருஷம்தான், ஆனால் அதற்குள் ராக் இசை தலைகீழாகப் புரண்டுவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வரலாறு சொல்லிக்கொடுக்கலாம். ஞாபகத்தைக் கிளற முடியாது. ஒருவருக்கு ஞாபகம் வருவது பத்தாண்டு அல்ல. ஒரு கோடை லீவு, ஒரு பரீட்சை, ஒரு வாடகை வீடு, அந்த வீட்டு ரேடியோவில் அதே மாதம் மாற்றி மாற்றி வந்த நாலு பாட்டு. அந்த நாலும் சேர்ந்து வந்தால்தான் மனிதர் நிமிர்ந்து உட்காருவார்.

உங்கள் அப்பாவுக்குப் பதினைந்து, பதினாறு வயது நடந்தது எந்த வருஷம்? கணக்குப் போட்டால் 1971-ஐ ஒட்டி வருகிறது. கொடுத்துவைத்தவர். ராக் இசைக்கு அதைவிட நல்ல ஆண்டு அமையவில்லை என்பது என் தீர்மானமான கருத்து.

1971-ல் அப்படி என்ன விசேஷம்?
— ஈரோடு வாசகர்

அந்த ஒரு காலண்டருக்குள் வந்த ஆல்பங்களைப் பாருங்கள். ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்', டோர்ஸின் 'எல்.ஏ. வுமன்', ஜெத்ரோ டல்லின் 'அக்வாலங்', தி ஹூவின் 'ஹூஸ் நெக்ஸ்ட்', பிளாக் சாபத்தின் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி', பிங்க் ஃபிளாய்டின் 'மெடில்', லெட் செப்லினின் பெயரில்லாத நான்காவது ஆல்பம், டேவிட் போவியின் 'ஹங்கி டோரி', ஜான் லெனனின் 'இமாஜின்'. மூச்சு வாங்குகிறது, இன்னும் பாதிகூடச் சொல்லவில்லை. டேவிட் ஹெப்வொர்த் என்ற பிரிட்டிஷ் இசைப் பத்திரிகையாளர் இந்த ஒரே ஆண்டைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே 2016-ல் எழுதிவிட்டார்.

காரணம் உண்டு. 1970 ஏப்ரலில் பீட்டில்ஸ் பிரிந்த செய்தி வெளியே வந்தது. அந்த செப்டம்பரில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் போனார், அக்டோபரில் ஜானிஸ் ஜாப்ளின். அரியணை காலி; அடுத்து யார் என்று யாருக்கும் தெரியாது. ஸ்டுடியோக்களில் 16 டிராக் கருவிகள் பரவியிருந்தன. அமெரிக்காவின் எஃப்.எம். நிலையங்கள் மூன்று நிமிட சிங்கிள்களை விட்டுவிட்டு எட்டு நிமிடப் பாட்டையும் முழுசாக ஒலிபரப்பத் துணிந்திருந்தன. திறமையும் இடமும் நேரமும் ஒன்றாக வாய்த்த வருஷம் அது.

பேசிக்கொண்டே இருக்கிறீர்களே, ஒரு பட்டியல் போட்டுக் காட்டுங்கள் பார்ப்போம்!
— மதுரை வாசகி

சைடு ஏ-யைப் போட்டுக் காட்டுகிறேன்.

முதலில் தி ஹூவின் 'பாபா ஓ'ரைலி'. எடுத்த எடுப்பில் குரல் கிடையாது, டிரம்ஸ் கிடையாது. ஓர் ஆர்கன் மட்டும் விடாமல் சுழலும். பிறகு பியானோவில் மூன்றே கார்டு. அதன் பிறகுதான் கீத் மூன் டிரம்ஸோடு இறங்குவார். கேட்கிறவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார அவகாசம் தருகிற பாட்டுதான் முதல் பாட்டு. பெயரில் உள்ள பாபா, நம் மெஹர் பாபாவேதான். பாட்டை எழுதிய பீட் டவுன்செண்ட் அவருடைய பக்தர். ரைலி என்பது அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலி.

இரண்டாவது, டி. ரெக்ஸின் 'கெட் இட் ஆன்'. உட்கார்ந்தவரின் காலைத் தாளம் போட வைக்கும். மூன்றாவது, ராட் ஸ்டூவர்ட்டின் 'மேகி மே'. முதலில் இதை ஒரு சிங்கிளின் பின்பக்கத்தில்தான் வைத்திருந்தார்கள். ரேடியோக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட, அக்டோபரில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடம். கடைசியில் வரும் மாண்டலினைத் தவற விடாதீர்கள்; வாசித்தவர் ரே ஜாக்சன். ஆல்பத்தின் அட்டையில் அவர் பெயரைப் போடாமல், பெயர் ஞாபகமில்லை என்று அச்சடித்துவிட்டார்கள். நீங்கள் கேசட் அட்டையில் அந்தப் பெயரை எழுதுங்கள்.

நான்காவது, ஜானிஸ் ஜாப்ளினின் 'மீ அண்ட் பாபி மெகீ'. அவர் இறந்து மாதங்கள் கழித்து இது அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. ஆரம்பத்தில் வெறும் கிதாரோடு பேசுகிற குரல், முடிவில் கட்டறுத்துக்கொண்டு ஓடுகிறது. ஐந்தாவது ஃபேனி, அவர்களைப் பற்றி ஒரு வாசகி கேட்டிருக்கிறார், கீழே பாருங்கள். ஆறாவது லெட் செப்லினின் 'பிளாக் டாக்'. ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையில் அவர்கள் பதிவு செய்துகொண்டிருந்தபோது அங்கே சுற்றித் திரிந்த கறுப்பு நாய்தான் பெயருக்குக் காரணம். குரல் தனியாக வரும், நிற்கும், மொத்தக் குழுவும் பாயும், நிற்கும். அந்த மௌனங்களில்தான் பாட்டின் பலமே இருக்கிறது.

இந்த அடிக்குப் பிறகு காதுக்கு ஓய்வு வேண்டும். பிளாக் சாபத்தின் 'ஆர்க்கிட்'. ஒன்றரை நிமிடம், கிதார் மட்டும். உலகத்தின் கனமான ரிஃப்களை எழுதிய டோனி அயோமி இவ்வளவு மென்மையாகவும் வாசிப்பாரா என்று ஆச்சரியப்படுவீர்கள். பதினேழு வயதில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர் அவர். இடக்கை வாசிப்புக்காரர் என்பதால் தந்தி அழுத்த வேண்டிய கையே அதுதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கித் தானே விரலுறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். 'ஆர்க்கிட்' இடம்பெற்ற 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் மற்ற பல பாட்டுகளுக்குத் தந்திகளின் சுருதியை வழக்கத்துக்கு மிகவும் கீழே இறக்கினார். தளர்ந்த தந்தி விரலை வருத்தாது, சத்தமும் இருண்டது. பின்னால் வந்த ஹெவி மெட்டல் முழுக்க அந்தச் சத்தத்துக்குக் கடன்பட்டிருக்கிறது.

எட்டாவது ஜெத்ரோ டல்லின் 'லோகோமோட்டிவ் பிரெத்'. அமைதியான பியானோவில் தொடங்கி ரயில் வேகம் பிடிக்கும். ஒன்பதாவது போவியின் 'லைஃப் ஆன் மார்ஸ்'. இதிலும் பியானோ, வாசித்தவர் ரிக் வேக்மன். எல்லாம் ஓய்ந்த பிறகு பின்னணியில் எங்கோ ஒரு டெலிபோன் மணி அடிக்கும், வால்யூமை ஏற்றிக் கேளுங்கள். பத்தாவது, கடைசி, டோர்ஸின் 'ரைடர்ஸ் ஆன் த ஸ்டார்ம்'. ஜிம் மாரிசன் பாடியதன் மேலேயே, கிசுகிசுத்த குரலில் இன்னொரு முறை பாடிப் பதிந்திருக்கிறார். அந்த ஜூலை 3-ம் தேதி பாரிஸில் அவர் காலமானார். மழையும் இடியும் தேய்ந்து மறையும்போது டேப் முடிந்து, டெக்கின் பட்டன் டக்கென்று எழும்பும்.

மொத்தம் 45 நிமிடத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். பெரும்பாலான 90 நிமிட கேசட்டுகளில் பக்கத்துக்கு ஓரிரு நிமிடம் கூடுதலாகவே நாடா இருக்கும் என்பதால் பயமில்லை.

ஒரே பக்கத்தில் ஒரே குழுவின் இரண்டு பாட்டு வரலாமா?
— நாமக்கல் வாசகர்

கூடாது. அடுத்த பக்கத்தில் வரட்டும்.

'ஸ்டேர்வே டு ஹெவன்' இல்லாமல் 1971-ஆ? அடுக்குமா?
— திருச்சி வாசகர்

அடுக்கும். அது எட்டு நிமிடம். உங்கள் அப்பாவோ அண்ணனோ அதை ஆயிரம் தடவை கேட்டாகிவிட்டது. அதே லெட் செப்லின் ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'வென் த லெவீ பிரேக்ஸ்' ஏழு நிமிடம், அதைச் சைடு பி-யில் வையுங்கள். ஹெட்லி கிரேஞ்ச் மாளிகையின் மாடிப்படிக் கூடத்தில் டிரம்ஸைப் போட்டு, மேல் மாடியிலிருந்து மைக்கைத் தொங்கவிட்டுப் பதிந்தார்கள். டிரம்ஸ் வாசித்த ஜான் போனமின் ஒவ்வொரு அடியும் அந்தச் சுவர்களில் மோதித்தான் நம்மிடம் வருகிறது. மூலப் பாட்டு 1929-ல் மெம்ஃபிஸ் மின்னியும் கன்சாஸ் ஜோ மெக்காயும் பதிந்த புளூஸ், 1927-ல் மிஸிஸிப்பி கரை உடைந்த வெள்ளத்தைப் பற்றியது. மின்னியின் பதிவையும் தேடிக் கேளுங்கள். ராக் யாருடைய வீட்டிலிருந்து வந்தது என்று அந்த ஒரு பாட்டு காட்டிக்கொடுக்கும்.

ராக் பட்டியல் என்றாலே ஆண்கள் பெயராகவே இருக்கிறதே. ஜானிஸ் ஜாப்ளினை விட்டால் வேறு பெண்ணே இல்லையா?
— கோவை வாசகி

இருந்தார்கள். பட்டியல் போட்டவர்கள் விட்டுவிட்டார்கள். ஃபேனி என்று ஒரு குழு. மணிலாவில் பிறந்து கலிஃபோர்னியாவுக்கு வந்த ஜூன் மில்லிங்டன், ஜீன் மில்லிங்டன் என்ற அக்கா தங்கைதான் அதன் உயிர்நாடி. அக்கா கிதார், தங்கை பேஸ். பாடுவதும் வாசிப்பதும் எழுதுவதும் பெண்களே. 1971-ல் வந்த அவர்களுடைய 'சேரிட்டி பால்' பாட்டு (மேலே ஐந்தாவதாகச் சொன்னது இதுதான்) அமெரிக்கப் பட்டியலில் 40-வது இடம் வரை ஏறியது. தங்கள் காலத்தின் மிகச் சிறந்த ராக் குழுக்களில் ஒன்று என்று டேவிட் போவி பின்னாளில் மனமாரப் புகழ்ந்தார். அப்படியும் பெரும்பாலான தொகுப்புகளில் அவர்களுக்கு இடமில்லை.

இதைத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன். ஞாபகார்த்தமாகப் போடும் கேசட்டில் பத்தில் இரண்டு பாட்டாவது அந்த ஆண்டில் நியாயம் கிடைக்காமல் போனதாக இருக்கட்டும். கேட்பவருக்குத் தெரிந்த எட்டு பாட்டு வாசல் திறக்கும். தெரியாத இரண்டு, அந்த வருஷத்தையே புதிதாகக் கொடுக்கும். ஃபங்கடெலிக்கின் 'மேகட் பிரெய்ன்' கேட்டிருக்கிறீர்களா? அதுவும் 1971. எடி ஹேசல் என்ற கறுப்பின இளைஞர் பத்து நிமிடம் கிதாரில் அழுகிறார். அதற்குப் பிறகு ஒரு நிமிடம் யாரும் பேச முடியாது.

சைடு முடிய ஒன்றரை நிமிடம் மிச்சம். அடுத்த பாட்டைப் போட்டுப் பாதியில் அறுபட விடலாமா?
— சேலம் வாசகர்

விடவே கூடாது. பாதியில் அறுந்த பாட்டுதான் கேட்பவர் மனத்தில் தங்கும், மற்றது எல்லாம் மறந்துபோகும். மேலே சொன்ன 'ஆர்க்கிட்' எதற்கு என்று நினைத்தீர்கள்? 'அக்வாலங்' ஆல்பத்தில் 'சீப் டே ரிட்டர்ன்' என்று இன்னொன்று, அதுவும் ஒன்றரை நிமிடத்துக்குள். ஆஸ்பத்திரியில் இருந்த அப்பாவைப் பார்த்துவிட்டு ரயிலில் திரும்பிய அனுபவத்தை ஜெத்ரோ டல்லின் பாடகர் இயன் ஆண்டர்சன் எழுதியது. இப்படிச் சின்னப் பாட்டுகளாக ஒரு கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

120 நிமிட கேசட் வாங்கினால் இன்னும் நிறையப் பதியலாமே?
— வேலூர் வாசகர்

வாங்காதீர்கள். அதே கூட்டுக்குள் அதிக நீளம் அடங்க வேண்டும் என்பதற்காக நாடாவை மெலிதாக்கியிருப்பார்கள். 60 நிமிட நாடாவின் கனத்தில் பாதிதான் இருக்கும். இழுபடும், ரோலரில் சுற்றிக்கொள்ளும், அறுந்தும் போகும். 90 போதும்.

பாட்டுக்குப் பாட்டு சத்தம் கூடிக் குறைகிறது. எப்படிச் சமன் செய்வது?
— புதுச்சேரி வாசகர்

பழைய பாட்டுகளை இப்போது மறுபதிப்பாக விடும்போது சத்தத்தைத் தூக்கிவிடுகிறார்கள். ஒரு பாட்டு அசல் பதிப்பிலிருந்தும் அடுத்தது மறுபதிப்பிலிருந்தும் எடுத்தால் தூக்கிவாரிப் போடும். ஒவ்வொரு பாட்டிலும் மிக உரத்த இடம் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அந்த இடத்தை ஓடவிட்டு, ரிக்கார்டு, பாஸ் இரண்டும் அழுத்திய நிலையில் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுத் தொட்டு மீளும்படி அளவை வையுங்கள். அப்புறம் பாட்டை ஆரம்பத்துக்குக் கொண்டுபோய்ப் பாஸை விடுங்கள்.

முள்ளை மட்டும் நம்பினால் போதாது. 'ஆர்க்கிட்' போன்ற தனிக் கிதாரை 'பிளாக் டாக்' அளவுக்கு ஏற்றினால் அதன் அழகே போய்விடும். மெல்லியது மெல்லியதாகவே இருக்கட்டும். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே இரண்டு மூன்று விநாடி. கேசட்டின் தொடக்கத்தில் நிறமில்லாத வெற்று நாடா சில விநாடி ஓடும், அதில் எதுவும் பதியாது. பென்சிலைப் பல்சக்கரத்தில் விட்டுச் சுற்றி, பழுப்பு நாடா தெரிந்த பிறகு ஆரம்பியுங்கள். டால்பி போட்டுப் பதிந்தால் அட்டையில் அதைக் குறியுங்கள். கேட்கும்போதும் போட வேண்டும். எல்லாம் முடிந்ததும் முதுகில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்களையும் உடைத்துவிட்டால் மேலே யாரும் பதிய முடியாது.

இந்தப் பாடெல்லாம் எதற்கு? போனில் ஒரு பிளேலிஸ்ட் போட்டு லிங்க் அனுப்பினால் முடிந்தது!
— சென்னை வாசகர்

அனுப்பலாம். டெக் இல்லாதவருக்கு அதுதான் வழி. ஆனால் கேசட்டின் மூன்று கட்டுப்பாட்டை அதிலும் கடைப்பிடியுங்கள். 45 நிமிடத்தில் இரண்டு பட்டியல், அதற்கு மேல் கிடையாது. அனுப்பிய பிறகு கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். ஷஃபிளை அணைத்துவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

கேசட்டில் பதிகிறவர் 90 நிமிடப் பாட்டையும் தன் காதால் ஒரு முறை முழுசாகக் கேட்டே ஆக வேண்டும். தட்டிலிருந்து வேகமாகப் பதிய வழியில்லை. போனில் நாற்பது விநாடியில் இருபது பாட்டை இழுத்துப் போட்டுவிடலாம், ஒன்றைக்கூடக் கேட்காமல். பெறுகிறவருக்கு அது தெரிந்துவிடும். நீங்கள் போனில் போட்டாலும் அனுப்புவதற்கு முன் அந்த ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள். வரிசையில் எங்கே இடறுகிறது என்று அப்போதுதான் பிடிபடும்.

இப்படி வீட்டில் பதிவதால் இசைத்துறை அழியும் என்று அந்தக் காலத்தில் சொன்னார்களாமே?
— தூத்துக்குடி வாசகர்

1980-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் இசை நிறுவனங்களின் சங்கம் பெரிய பிரசாரமே நடத்தியது. கேசட்டை மண்டையோடாக வரைந்து கீழே இரண்டு எலும்பு போட்ட சின்னம். டெட் கென்னடிஸ் என்ற அமெரிக்கப் பங்க் குழு 1981-ல் தங்கள் பாட்டையெல்லாம் கேசட்டின் ஒரு பக்கத்தில் அடக்கிவிட்டு, மறுபக்கத்தைக் காலியாக விட்டு, இதில் நீங்களே பதிந்துகொள்ளுங்கள் என்று அச்சடித்து விற்றது. கிரேட்ஃபுல் டெட் 1984-ல் தன் கச்சேரிகளில் பதிவு செய்ய வருகிறவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கியது. அவர்கள் கச்சேரிக்குக் கூட்டம் குறையவே இல்லை. கேசட்டைக் கொடுத்தவன் விளம்பரம் செய்தான், பெற்றவன் தட்டு வாங்கினான் என்பதே என் கட்சி. இன்றைக்கும் ஒருவருக்கு ஃபேனியை அறிமுகப்படுத்தினால் அவர்களுடைய ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்கும்படி அவரிடம் சொல்லுங்கள்.

1971-ல் இந்தியாவுக்கும் ராக் இசைக்கும் ஏதாவது தொடர்பு இருந்ததா?
— நாகர்கோவில் வாசகர்

அழுத்தமாகவே இருந்தது. ஆகஸ்ட் 1, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன். வங்கதேச அகதிகளுக்காக ரவிசங்கர் ஜார்ஜ் ஹாரிசனிடம் உதவி கேட்க, ஒரே நாளில் இரண்டு கச்சேரி. பாப் டிலன், எரிக் கிளாப்டன், ரிங்கோ ஸ்டார் எல்லோரும் மேடையில். தொடங்கி வைத்தது ரவிசங்கரும் அலி அக்பர் கானும் அல்லா ரக்காவும். அவர்கள் சுருதி சேர்த்து முடித்ததுமே அரங்கம் கைதட்டியது. சுருதி சேர்ப்பதே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புகிறேன் என்றார் ரவிசங்கர். மூன்று தட்டுகள் கொண்ட அந்த ஆல்பத்தில் இதுவும் பதிவாகியிருக்கிறது. அந்தச் சில விநாடிகளை மட்டும் எடுத்துச் சைடு பி-யின் தொடக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, சிம்லா பீட் போட்டி. இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம் தன் சிம்லா சிகரெட்டுக்கு விளம்பரமாக நடத்தியது. இந்திய நகரங்களின் இளைஞர் குழுக்கள் போட்டியிட்டன. அவர்களுடைய பாட்டுகள் 'சிம்லா பீட் 70', 'சிம்லா பீட் 71' என்று இரண்டு தட்டுகளாக வந்தன. சிகரெட் விற்க வந்த பணம்தான்; ஆனால் நம் பையன்களின் கிதார் அதில் உண்மையாகவே கொதிக்கிறது. 1971 கேசட்டில் அதிலிருந்து ஒன்று இருந்தே தீர வேண்டும்.

எங்கள் ஊர் ரிக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் கொடுத்து சினிமாப் பாட்டு பதிந்து வாங்குவோமே, அதுவும் மிக்ஸ்டேப்தானா?
— தேனி வாசகர்

சந்தேகமென்ன! வரிசை உங்களுடையது என்றால் கேசட்டும் உங்களுடையதுதான்.

என் மனைவிக்கு ராக் என்றாலே இரைச்சல். மனத்தை மாற்ற ஒரு பாட்டு சொல்லுங்கள்.
— தஞ்சாவூர் வாசகர்

மனத்தை மாற்றுவதற்காகக் கேசட் போடாதீர்கள். அவர் பதினாறு வயதில் எதைக் கேட்டார் என்று கேளுங்கள். அந்தப் பாட்டுகளைக் கோத்து அவருக்கு ஒன்று போடுங்கள். அதற்குப் பிறகு அவராகவே உங்களுடையதைக் கேட்டால், லெட் செப்லினின் 'கோயிங் டு கலிஃபோர்னியா'. மாண்டலினும் கிதாரும் மட்டும், மூன்றரை நிமிடம்.

எனக்கு 19 வயது. கேசட்டைத் தொட்டதே இல்லை. 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி' பார்த்ததிலிருந்து அந்தப் பாட்டுகள் மேல் பைத்தியம். பிறக்காத காலத்துக்கு ஏங்குவது சரியா?
— திருநெல்வேலி வாசகர்

தாராளமாக ஏங்கலாம், தம்பி. 2014-ல் அந்தப் படத்தின் ஆல்பம் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. புதுப்பாட்டு ஒன்றுகூட இல்லாமல், ஏற்கெனவே வெளிவந்த பாட்டுகளை மட்டுமே கொண்டு முதலிடம் பிடித்த முதல் படத்தொகுப்பு அதுதான். ஏன் அப்படி ஒட்டிக்கொண்டது? கதையில் அது ஓர் அம்மா தன் பிள்ளைக்கு, தனக்குப் பிடித்ததையெல்லாம் சேர்த்துக் கொடுத்தது. நீ கேட்டது பாட்டை மட்டும் அல்ல, அந்த அம்மாவின் தேர்வை. உன் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார், அவரிடம் போய் உட்கார்.

மறைந்துபோன என் அண்ணன் ரேடியோவிலிருந்து பதிந்த கேசட் ஒன்று பரணில் கிடைத்தது. அறிவிப்பாளர் பேச்சு, கரகரப்பு, பாதியில் தொடங்கும் பாட்டு எல்லாம் இருக்கும் என்று நினைக்கிறேன். நாடாவில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. சரிசெய்து, நல்ல பிரதியாக மாற்றலாமா?
— கும்பகோணம் வாசகி

அம்மா, முதலில் அதை எந்த டெக்கிலும் போட்டுவிடாதீர்கள். வெள்ளையாகப் பூத்திருப்பது பூஞ்சணம். ஈரக்காற்று ஊர்களில் பரணில் கிடக்கும் கேசட்டுக்கு வருகிற நோய். அப்படியே ஓட்டினால் நாடா ஒட்டிக்கொண்டு அறும், டெக்கின் ஹெட்டும் அழுக்காகும். பழைய கேசட்டைச் சரிசெய்து பழகிய ஒருவரிடம் கொடுத்து, உலர வைத்து, மெதுவாகச் சுற்றவிட்டுத் துடைத்து எடுக்கச் சொல்லுங்கள். நாடாவை அழுத்திப் பிடிக்கும் ஒரு சிறு பஞ்சுத் துண்டு, செம்பு நிறத் தகட்டின் மேல், திறந்த பக்கத்தின் நடுவில் இருக்கும். பழைய கேசட்டில் அது பசை விட்டு உதிர்ந்திருக்கும். அது இல்லாவிட்டால் சத்தம் மங்கித் தேய்ந்து கேட்கும். நாடா கெட்டுவிட்டது என்று பலர் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். பஞ்சை ஒட்டினால் போதும், அல்லது நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றலாம்.

கணினிக்கு மாற்றும்போது தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே ஓட்டமாகப் பதியச் சொல்லுங்கள். கரகரப்பை நீக்க வேண்டாம், அறிவிப்பாளரை வெட்ட வேண்டாம். அந்தப் பாட்டுகள் சுத்தமாக எங்கும் கிடைக்கும். அண்ணன் பட்டனை அழுத்திய அந்த நொடி வேறெங்கும் கிடைக்காது. பாட்டு பாதியில் தொடங்குகிறதா? அவர் அடுத்த அறையிலிருந்து ஓடி வந்திருக்கிறார். இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையோ, சிற்றலையில் பிபிசியோ, எந்த நிலையம் என்பது அந்த அறிவிப்பாளர் குரலிலிருந்தே தெரியவரும். அதிலிருந்து வருஷமும் தெரியலாம். இரண்டு பிரதி எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள்.

எனக்கு 71 ஆகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில். எனக்கு யாரும் கேசட் போட்டுத் தரப்போவதில்லை. பதினாறு வயதில் கேட்ட பாட்டுகளின் பெயர்கூட மறந்து வருகிறது.
— காரைக்கால் வாசகர்

ஐயா, பெயர் மறந்தால் பாதகமில்லை. மெட்டு ஞாபகம் இருக்கிறதா? முணுமுணுத்துக் காட்டினால் பாட்டைக் கண்டுபிடிக்கும் வசதி இப்போது போனிலேயே உண்டு. அக்கம்பக்கத்துக் கல்லூரிப் பிள்ளை யாரையாவது ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆண்டைச் சொல்லுங்கள், அந்த ஆண்டின் ஆல்பங்களை ஒவ்வொன்றாக அவர் ஓடவிடட்டும். எட்டுப் பத்து ஞாபகத்துக்கு வந்தால் ஒரு பக்கம் நிறைந்துவிடும். அந்தப் பட்டியலை எனக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் முழுசாகப் போடுகிறேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: வீட்டில் அறுபது தாண்டியவர் யாராவது இருந்தால் இன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கேளுங்கள், பதினாறு வயசில் என்ன பாட்டு கேட்டீர்கள் என்று. அவர் சொல்கிற முதல் மூன்று பெயரை உடனே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு வையுங்கள்.